வாங்குவோர் சொல்லும் விற்போர் பெயரும்

 

வாணிகம் என்றால் பொருளைக் கொடுத்துப் பணத்தைப் பெறுவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்விரண்டும் கைமாறுவதற்கு முன்னரே மற்றொன்று கைமாற வேண்டியிருக்கிறது. அதன் பெயர் நம்பிக்கை. ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் காயை அழுத்திப் பார்க்கிறார். காம்பின் பசுமையைப் பார்க்கிறார். விற்பவரின் முகத்தையும் ஒரு முறை பார்க்கிறார். வாங்கிய காய் சொத்தையாக இருந்தால் அடுத்த சந்தை நாளில் வந்து கேட்கிறார். விற்பவரும் தம் பக்கத்தை எடுத்துச் சொல்கிறார். சுற்றி நிற்போர் இருவர் பேச்சையும் கேட்டு, எவர் சொல்வது நேர் என்று தமக்குள் முடிவு செய்துகொள்கின்றனர்.

இன்று நம்மிடையே வளர்ந்து நிற்கும் இணையச் சந்தையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. காயைத் தொட முடியாது. முகத்தைக் காண முடியாது. ஒரு படம், சில வரி விளக்கம், ஒரு விலை, அறிமுகமில்லாத ஒரு பெயர் - இவ்வளவே வாங்குவோர் முன் நிற்கின்றன. இந்நிலையில் அவர் எதை நம்பிப் பணம் அனுப்புவார்? தமக்கு முன்னே அதே விற்பனையாளரிடம் வாங்கியவர்கள் எழுதி வைத்த சொற்களை நம்பி அனுப்புகிறார். ஆகவே அங்கே விற்பவரின் முதல் எத்தனை என்பது அவருடைய பண்டங்களை மட்டும் பொறுத்ததன்று. அயலார் அவரைப் பற்றி எழுதிய சில வரிகளும் அம்முதலில் அடங்கும்.

அவ்வரிகளுள் ஒன்று நேர்மையற்றதாக இருந்தால் அவர் என்ன செய்வது? தாம் செய்யாத குற்றத்துக்காகத் தம் பெயருக்கு எதிரே ஒரு வசைச்சொல் நிற்பதைக் காணும் சிறுவணிகர் அதனை எவ்வாறு எதிர்கொள்வது? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள். அமெரிக்க நாட்டில் தோன்றிய ஈபே என்னும் இணையச் சந்தையின் வரலாறு இதற்கு நல்ல பாடமாக இருக்கிறது. வாங்குவோரும் விற்போரும் ஒருவரைப் பற்றி ஒருவர் வெளிப்படையாகக் கருத்தெழுதும் முறையைத் தொடக்கக் காலத்திலேயே பெரிய அளவில் கையாண்ட சந்தை அதுவே ஆகும்.

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கலிபோர்னியா மாநிலத்தில், பியர் ஒமிடியார் என்னும் கணிப்பொறி வல்லுநர் ஒருவர் இச்சந்தையைத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் ஆக்சன்வெப் என்பது. 1997-இல் ஈபே ஆயிற்று. அங்கே முதன்முதலில் விற்ற பொருள் பழுதுபட்ட லேசர் சுட்டுக்கருவி ஒன்று. அது 14 டாலர் 83 சென்ட்டுக்கு விலை போயிற்று. பழுதானது என்பது தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று ஒமிடியார் வாங்கியவரைக் கேட்டாராம். தாம் பழுதான சுட்டுக்கருவிகளைத் திரட்டி வைப்பவர் என்று அவர் விடை எழுதினாராம். இந்தச் சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் குறையை முன்னதாகச் சொல்லிவிடுவதும், வாங்குபவர் அதை அறிந்துகொண்டாரா என்று கேட்டுத் தெளிவதும் அச்சந்தையின் முதல் விற்பனையிலேயே நிகழ்ந்திருக்கின்றன.

சந்தை வளர்ந்தது. வளர்ந்தபோது வழக்குகளும் வளர்ந்தன. பொருள் வரவில்லை என்பார் ஒருவர். பணம் வரவில்லை என்பார் மற்றொருவர். அம்முறையீடுகளெல்லாம் மின்னஞ்சல் வழியாக ஒமிடியாரையே வந்து சேர்ந்தன. ஒரு மனிதர் இருந்த இடத்திலிருந்தே எத்தனை பேருக்கு நடுவராக இருக்க முடியும்? எனவே 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் ஒரு கருத்துரை மன்றத்தை அமைத்தார். மக்களுள் பெரும்பாலோர் நேர்மையானவர். சிலர் அவ்வாறு இல்லை. அவர்களை அனைவரும் அறியுமாறு செய்வதே வழி என்னும் கருத்தை அப்போது எழுதிய மடலில் அவர் வெளியிட்டார். குறையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதனினும் மேலாக, நல்லதைக் கண்டால் பாராட்டுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். நிறைக்கருத்துக்கு ஒரு புள்ளி கூடும். குறைக்கருத்துக்கு ஒரு புள்ளி குறையும். நடுநிலைக் கருத்துக்குக் கூடுதலும் இல்லை, குறைதலும் இல்லை. அம்மன்றத்தின் அமைப்பு அவ்வளவு எளியது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. பெருநகரில் கடை இல்லாதவரும், பரம்பரைப் பெயர் இல்லாதவரும், விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவரும் ஆயிரங்கல் தொலைவில் இருப்பவருக்குத் தம் பொருளை விற்க முடிந்தது. அவருக்குக் கடையைத் திறந்து கொடுத்தது வாங்குவோரின் பேச்சுரிமையே. பின்னால் அதே உரிமையால் ஒருவர் அவரைப் புண்படுத்தவும் கூடும். புண்பட்டபோதும் இந்த உண்மையை மறவாதிருப்பதே அறிவுடைமை.

சரி, ஒரு குறைக்கருத்து வந்துவிட்டது. முதலில் செய்ய வேண்டியது என்ன? அது உண்மையில் நேர்மையற்றதுதானா என்று ஆராய்வது. இஃது எளிய செயலன்று. நம்மைக் குறை கூறும் சொல் எதுவாயினும் அது பொய்யென்றே நம் மனம் முதலில் சொல்லும். ஆகவே மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் கூறுவது நடந்ததா? நடந்திருந்தால் அதற்கு நாம் பொறுப்பா? பொறுப்பில்லையாயினும் அதைத் தடுத்திருக்க நம்மால் இயன்றிருக்குமா?

பழைய நூல்களை விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூலின் மேலட்டை கிழிந்தது என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறார். வாங்கியவரோ, கிழிந்த நூலை அனுப்பி ஏமாற்றிவிட்டார் என்று எழுதுகிறார். முதற்கேள்விக்கு விடை, ஆம் என்பது. நூல் கிழிந்திருந்தது உண்மை. இரண்டாம் கேள்விக்கு விடை, இல்லை என்பது, அவர் மறைக்கவில்லை. மூன்றாம் கேள்விக்கு வரும்போது சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அவ்விளக்கம் நீண்ட பத்தியின் இறுதியில் இருந்ததா? கிழிசல் தெரியும்படி ஒரு படம் இருந்ததா? அக்கருத்துரை நேர்மையற்றதே. ஆனாலும் அது விற்பவருக்கு ஒரு பயனுள்ள செய்தியைக் கொண்டுவந்திருக்கிறது. அச்செய்தியை எடுத்துக்கொண்டு வசையை விட்டுவிடலாம்.

வேறு சில கருத்துரைகளில் அத்தகைய செய்தியும் இருப்பதில்லை. அஞ்சல்துறையின் தாமதத்துக்கு விற்பவரைப் பழிப்பதுண்டு. வேறொருவரிடம் வாங்கிய பொருளைப் பற்றி இவர் பெயருக்கு எதிரே எழுதிவிடுவதுண்டு. பாதிப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையேல் குறை எழுதுவேன் என்று மிரட்டி, அது நடவாதபோது எழுதுவதும் உண்டு. இவை ஒன்றற்கொன்று வேறானவை. தாமதத்தால் வருந்தியவர் பொய்யர் அல்லர். பொறுப்பாளியை மாற்றிக் கூறியவர். ஆள் மாறி எழுதியவர் பிழை செய்தவர். எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் திருத்திக்கொள்வார். மிரட்டியவர் ஒருவரே தீய எண்ணத்தோடு செய்தவர். மூவரையும் ஒரே கண்கொண்டு நோக்கினால், திருத்தக்கூடியவரையும் பகைவராக்கிக்கொள்வோம்.

இனி, ஒரு குறைக்கருத்தால் உண்டாகும் இழப்பு எவ்வளவு என்று பார்ப்போம். புண்பட்ட மனம் அதனை மலையளவாகக் காணும். புறத்தே இருப்பவர் அதனை ஒன்றுமில்லை என்று தள்ளுவர். இரண்டும் சரியல்ல. இதனை ஆராய்ந்த அறிஞர்கள் உள்ளனர்.

பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்னும் இருவர் ஈபே சந்தையில் 1999-இல் நிகழ்ந்த விற்பனைகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாங்கியவர்களுள் பாதிப்பேருக்குச் சற்று மிகுதியானோர் கருத்து எழுதியிருந்தனர். எழுதப்பட்டவற்றுள் 1,000-க்கு ஏறத்தாழ 991 நிறைக்கருத்துகள், 6 குறைக்கருத்துகள், எஞ்சிய 3 நடுநிலை. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. மக்கள் பொதுவாகப் பாராட்டவே விரும்புகின்றனர் என்பது ஒன்று. நிறையே எங்கும் மலிந்திருப்பதால் அரிதாக வரும் குறை வெள்ளைத் துணியில் பட்ட மைத்துளிபோல் தெரிகிறது என்பது மற்றொன்று. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு என்று நம்மவர் சொல்வது விற்பவரின் அச்சத்தை நன்கு விளக்குகிறது.

அந்த அச்சம் முற்றும் பொருளற்றதன்று. லூயிஸ் கப்ரால், அலி ஹொர்தாச்சு என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. முதல் குறைக்கருத்து வரும் வரையில் வாரந்தோறும் 5 விழுக்காடு வளர்ந்து வந்த விற்பனை, அது வந்த பின்னர் வாரத்துக்கு 8 விழுக்காடு தேயத் தொடங்குவதை அவர்கள் கண்டனர். சிறுவணிகருக்கு இது பேரிழப்பு.

இதற்கு எதிரான செய்தியும் உண்டு. ரெஸ்னிக்கும் செக்ஹவுசரும் வேறு இருவருடன் சேர்ந்து 2006-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். பழைய படத் தபாலட்டைகளை விற்று நற்பெயர் ஈட்டிய வணிகர் ஒருவர், ஒத்த தபாலட்டைகளைத் தம் பழைய பெயரிலும் புதிய பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு மிகுதியாகத் தர இசைந்தனர். நற்பெயரின் விலை இஃது என்று எண்ணால் காட்டிய சோதனை அது. ஆனால் அதே சோதனையில், புதிய பெயர்களுக்கு எதிரே ஒன்றிரண்டு குறைக்கருத்துகள் இருந்தபோது, அவற்றால் விலை குறைந்ததாகத் தெரியவில்லை. வாங்குவோர் நாம் எண்ணுவதைவிடப் பொறுமையுடன் படிக்கின்றனர் போலும்.

கப்ராலும் ஹொர்தாச்சுவும் கண்ட மற்றொரு செய்திதான் என் கருத்தில் மிக முக்கியமானது. முதற்குறை வந்த பிறகு, இரண்டாம் குறையும் மூன்றாம் குறையும் விரைவில் வருகின்றன. ஆயினும் முதற்குறையைப் போல் அவை விற்பனையைத் தாக்குவதில்லை. அடுத்த குறைகள் ஏன் விரைந்து வருகின்றன? முதல் அடியால் மனம் சலித்தவர் தம் முயற்சியில் தளர்ந்துவிடுதல் ஒரு காரணமாக இருத்தல் கூடும். இத்தனை நாள் உழைத்தும் இதுதானே கிடைத்தது என்று எண்ணுகிறார். பொதியைக் கட்டுவதில் சிறிது கவனம் குறைகிறது. மடலுக்கு விடை எழுதுவதில் ஒரு நாள் பிந்துகிறது. முதற்குறை பொய்யாக இருக்கலாம். அதனால் சோர்ந்தவர் தேடிக்கொள்ளும் இரண்டாம் குறையோ மெய்யாகிவிடுகிறது. நேர்மையற்ற சொல் ஒருவருக்குச் செய்யக்கூடிய உண்மையான கேடு இதுவே. தன்மீது பொய்யாகச் சாட்டப்பட்ட குற்றத்தை அவரே மெய்யாக்கிக்கொள்ளும்படி அது செய்துவிடுகிறது.

சோர்வு ஒரு வழி என்றால் சினம் மற்றொரு வழி. ஈபேயின் வரலாற்றில் சினத்தின் விளைவை நன்கு காணலாம். தொடக்கத்தில் வாங்குவோர் விற்போரைப் பற்றி எழுதியது போலவே விற்போரும் வாங்குவோரைப் பற்றி எழுதலாம் என்று இருந்தது. கேட்பதற்கு இது நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் என்ன ஆயிற்று? நீ எனக்குக் குறை எழுதினால் நானும் உனக்கு எழுதுவேன் என்னும் பழிவாங்கல் வழக்கமாயிற்று. விற்பவர் பலர், வாங்கியவர் முதலில் எழுதட்டும் என்று காத்திருந்து, அவர் எழுதியதற்கு ஏற்பத் தாம் எழுதினர். இதனால் உண்மையாகவே ஏமாந்த வாங்குவோர்கூட வாய்திறக்க அஞ்சினர். பாராட்டுரைகள் மலிந்தன, அவற்றுள் எது உளமார எழுதியது, எது அச்சத்தால் எழுதியது என்று பிரித்தறிய இயலாமற்போயிற்று.

முடிவில் 2008-ஆம் ஆண்டு மே மாதம் முதல், விற்பவர் வாங்குவோருக்குக் குறைக்கருத்தோ நடுநிலைக் கருத்தோ எழுதலாகாது என்று அந்நிறுவனம் விதித்துவிட்டது. அறிவிப்பு வந்ததுமே விற்பனையாளர் பலர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு வார காலம் பொருள்களை விற்பனைக்கு வைக்காமல் எதிர்ப்புக் காட்டினர். அவர்களுடைய வருத்தத்திலும் நியாயம் இருந்தது. பணம் தராமல் ஏமாற்றும் வாங்குவோரும் உண்டு அல்லவா? எனினும் விதி மாறவில்லை. பழிவாங்கியவர் சிலர்; ஆயுதத்தை இழந்தவரோ அனைவரும். தமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குத் தாமே தண்டனை கொடுக்க முற்பட்டவர்கள், நேர்மையான விற்பனையாளரின் குரலையும் சேர்த்தே இழந்துவிட்டனர்.

நீதிமன்றத்தை நாடியவரின் கதையும் உண்டு. 2013-ஆம் ஆண்டில், ஓஹையோ மாநிலத்து வணிக நிறுவனம் ஒன்று, தெற்குக் கரோலினா மாநிலத்தில் இருந்த ஒருவருக்கு ஈபே வழியாகப் பொருள் விற்றது. பொதி சென்று சேர்ந்தபோது அஞ்சல் கட்டணத்தில் 1 டாலர் 44 சென்ட் குறைந்திருந்தது. அதை வாங்கியவர் செலுத்த நேர்ந்தது. அவர் அந்தச் செய்தியைக் குறைக்கருத்தாகப் பதிந்தார். நிறுவனம் பணத்தைத் தர முன்வந்து, கருத்தை நீக்குமாறு கேட்டது, அவர் நீக்கவில்லை. உடனே அவதூறு வழக்குத் தொடுத்துவிட்டது. கட்டணம் குறைந்தது தங்கள் பிழையன்று, அஞ்சலகத்தின் பிழையாக இருக்கலாம் என்று அவர்கள் கருதியிருக்கலாம். அவ்வகையில் அக்கருத்துரை அவர்களுக்கு நேர்மையற்றதாகவே தோன்றியிருக்கும். ஆயினும் வாங்கியவர் எழுதியது நடந்த நிகழ்ச்சிதானே? வழக்குச் செய்தி நாடெங்கும் பரவியது. பலர் அந்நிறுவனத்தை இகழ்ந்தனர். இறுதியில் அதன் தலைவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. சிலரே படித்திருக்கக்கூடிய ஒரு வரியை நாடே படிக்குமாறு செய்துவிட்டது அவ்வழக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்னும் பழமொழியின் உண்மையை அந்நிறுவனம் பெரும்பொருள் கொடுத்துக் கற்றது.

மூன்றாவது தவறான வழி, பொய்க்குப் பொய்யை எதிர்நிறுத்துவது. ஒருவர் பொய்யாக இகழ்ந்தார். ஆகவே பத்துப்பேரைக் கொண்டு பொய்யாகப் புகழச் செய்வேன் என்பது அது. சட்டம் இதனை இடங்கொடுத்து விட்டுவைக்கவில்லை. நம் நாட்டில் 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவர் வாங்குபவரைப் போல் வேடமிட்டுக் கருத்துரை எழுதுவதைத் தடை செய்கின்றன. இணையக் கருத்துரைகளைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்குமான நெறிகளை இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2022-இல் வகுத்தது. அமெரிக்காவிலும் பொய்க்கருத்துரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை விடுங்கள், அறத்தின் நோக்கில் பார்த்தாலும், பொய்யால் புண்பட்டவர் அதே பொய்யைக் கருவியாக எடுத்தால், தாம் எதை எதிர்த்தாரோ அதையே வளர்த்தவர் ஆவார்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? சில நெறிகளைச் சொல்லலாம்.

கருத்துரையைக் கண்ட உடனே விடை எழுதலாகாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர். ஓர் இரவு கழியட்டும். பிறகு, வாங்கியவருக்குத் தனியே ஒரு மடல் எழுத வேண்டும். அதில் வாதம் வேண்டாம், கேள்வி இருக்கட்டும். என்ன குறை கண்டீர்கள், அதை எவ்வாறு நீக்கினால் உங்களுக்கு மனநிறைவு உண்டாகும் என்று கேட்க வேண்டும். குறையை நீக்கியபின், கருத்துரையைத் திருத்த இசைவாரா என்று வேண்டலாம். ஈபேயில் அதற்கு முறையான வழியே இருக்கிறது. திருத்தினால்தான் பணம் தருவேன் என்று பேரம் பேசுவது மட்டும் கூடாது. அது மிரட்டலின் மறுபக்கம்.

மிரட்டியவர், பணமே செலுத்தாதவர், இழிசொல் எழுதியவர் ஆகியோரின் கருத்துகளைச் சந்தையை நடத்தும் நிறுவனத்திடம் எடுத்துக்காட்டி நீக்கக் கோரலாம். அவ்வாறு கோரும்போது சினம் உதவாது, சான்று உதவும். எழுதிய மடல்கள், அனுப்பிய நாள், அஞ்சலகச் சீட்டு, பொருளின் படம் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே சேமித்து வைத்தவருக்கு இது எளிது. ஆகவே நேர்மையற்ற கருத்துக்கு எதிரான பாதுகாப்பு, அக்கருத்து வருவதற்கு முன்னரே, பொதி கட்டும்போதே தொடங்கிவிடுகிறது.

அதுவும் பயன்படாதபோது, கருத்துரையின் கீழே விற்பவர் தம் விடையைப் பதியலாம். இவ்விடத்தில்தான் பலர் தவறுகின்றனர். நாம் முன்பு எடுத்துக்கொண்ட பழைய நூல் வணிகர், உமக்குப் படிக்கத் தெரியாதா, விளக்கத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பழிக்கிறீரே என்று எழுதினால் என்ன ஆகும்? அவர் சொல்வது உண்மையாயினும், நாளை படிக்க வருபவர் மனத்தில், நமக்கும் ஒரு குறை நேர்ந்தால் இவர் இப்படித்தான் பேசுவார் போலும் என்ற ஐயம் எழும். அதற்கு மாறாக, மேலட்டையின் கிழிசலை விளக்கத்திலும் மூன்றாம் படத்திலும் காட்டியிருந்தோம். தங்களுக்கு மனநிறைவு இல்லாமையால் நூலைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர இசைந்துள்ளோம் என்று எழுதினால்? இரண்டே வரிகள். வசை இல்லை, கெஞ்சலும் இல்லை. நடந்தது இன்னது, செய்தது இன்னது என்ற செய்தி மட்டும் இருக்கிறது. படிப்பவர் தாமே நீதி வழங்கிக்கொள்வார். ஊர்ச் சந்தையில் சுற்றி நின்று கேட்டவரைப் போல இங்கும் கேட்பவர் இருக்கின்றனர். ஆனால் அவர்கள் நாளை வரப்போகிறவர்கள். விடை அவர்களுக்காகவே எழுதப்பட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் அக்கருத்துரை அங்கேயே நிற்கலாம். அந்நிலையில் அதை அங்கேயே விட்டுவிடும் துணிவும் வேண்டும். கணக்கு அதற்குத் துணை நிற்கிறது. 20 கருத்துகளில் ஒன்று குறையானால் நற்பெயர் 95 விழுக்காடு. 500-இல் ஒன்றானால் 99.8 விழுக்காடு. ஈபேயின் விழுக்காட்டுக் கணக்கில் அண்மைய 12 மாதக் கருத்துகளே இடம் பெறுகின்றன. ஆகவே ஓராண்டு நன்கு உழைத்தவருக்கு அந்தக் குறை கணக்கினின்றே விலகிவிடுகிறது. தொடங்கிய நாளிலேயே அடிபட்ட புதியவருக்கு இக்கணக்கு உடனடி ஆறுதல் தாராது என்பதும் உண்மைதான். அவருக்குக் காலம் வேண்டும்; அக்காலத்தில் சோராதிருக்கும் உறுதியும் வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாங்கள் என்ன பொருள் விற்கிறோம், எங்களுக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நாளை உங்களுள் பலர் தொழில் செய்வீர்கள். இணையச் சந்தையிலேயே சிலர் கடை வைப்பீர்கள். அறியாத ஒருவரின் அளவுகோலால் அளக்கப்படும் நிலை எல்லாருக்கும் வரும். அதற்கு முன்னரே, இன்றே, நீங்கள் வாங்குவோராக இருக்கிறீர்கள். விண்மீன்களை அளிக்கும் கை உங்கள் கை. ஆகையால் உங்களுக்கு ஒரு கடமை உண்டு. குறை எழுதுவதற்கு முன் விளக்கத்தை மீண்டும் ஒரு முறை படியுங்கள். தாமதித்தது விற்பவரா, கொண்டு வந்தவரா என்று எண்ணிப் பாருங்கள். விற்பவரிடம் முதலில் கேளுங்கள். அவர் திருத்தாதபோது எழுதுங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் அஞ்சாமல் எழுதுங்கள். அது பின்வருவோருக்கு நீங்கள் செய்யும் உதவி. நல்ல பொருள் வந்தபோதும் மறவாமல் ஒரு வரி எழுதுங்கள். ஒமிடியார் 1996-இல் கேட்டுக்கொண்டதும் அதுதானே? நேர்மையானவர் வாய்மூடி இருந்தால், நேர்மையற்றவரின் ஒரு சொல்லே முழு வரலாறுபோல் நின்றுவிடும்.

விற்பவருக்கோ, ஒரு சொல் போதும். அயலார் நம்மைப் பற்றி எழுதுவது நம் கையில் இல்லை. அதற்குப் பிறகு நாம் கட்டும் அடுத்த பொதி நம் கையில் இருக்கிறது. அதனை முன்னையினும் செம்மையாகக் கட்டி, சொன்ன நாளில் அனுப்பி வைப்போமாக.